அவித்த கஜு ஒரு ராத்திரி ஆறணும்

கஜு, அதாவது முந்திரிப்பருப்புத் தொழிலில் கைக்கும் மூக்குக்கும்தான் வேலை. வாயைத் திறந்தால் ஒரு பருப்பு உள்ளே போய்விடும் என்று முதலாளிமாருக்குப் பயம். பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு கஜு ஷெட்டில் நான் பருப்புத் தரம் பிரிக்கிறவளாகச் சேர்ந்தேன். பிறகு நாற்பது பெண்களை மேய்க்கிறவளாக ஆனேன். கங்காணி என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. அதனாலேயே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்கக் குந்தியிருந்து இடுப்பு போனவர்கள், கை கறுத்துப்போனவர்கள், முதலாளிக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் பாயசத்தில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கறுத்த கொட்டை

புத்தளம், குருநாகல் பக்கத்துக் கொட்டை சில மாசத்தில் தீர்ந்துவிடும். மிச்ச மாசமும் அடுப்பு எரியவேண்டுமென்றால் கொட்டை கப்பலில் வரவேண்டும். எங்களுக்கு வந்தது தான்சானியாவிலிருந்து. துறைமுகத்திலிருந்து லொறி கடுகண்ணாவை மேட்டில் முக்கி முனகி ஏறி வந்து சேரும். மூட்டையை இறக்கியதும் முதல் வேலை, ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி அள்ளி, கொட்டையை ரெண்டாக வெட்டிப் பார்ப்பது. உள்ளே வெள்ளையாக இருந்தால் நல்ல சரக்கு. கறுத்திருந்தால், சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு தடவை வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தது. எனக்கு வந்ததே கோபம்! பார்த்தே இராத அந்த ஊர்க்காரர்களை, அவர்களைப் பெத்தவர்களையும் சேர்த்து, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தவள் பொன்னம்மா. அவளுக்கும் என் வயதுதான். ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை, நடுவில் ஒரு சுவரோடு பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. தோட்டத்தில் வேலை குறைந்தபோது ஒரே நாளில் ஒரே பஸ் ஏறி இந்த ஷெட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "காயப்போட்டிருக்கையில மழை வந்திருக்கும்டி, அதுக்கு ஏன் அவங்க ஆத்தாவ இழுக்கிற?"

ரேகை

கஜு ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும். கையில் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவோம். அப்படியும் ரெண்டு வருஷத்தில் விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிடும்.

பொன்னம்மாவுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி விஷயமாக அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தமிழ் பேசுகிற ஒரு கிளார்க் அவள் பெருவிரலை மையில் உருட்டி அழுத்தினார். விழுந்தது வெறும் கறுப்புப் பொட்டு, ஒரு கோடு இல்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதே பொட்டு. மூன்றாம் தடவைக்கு அவருக்கு எரிச்சல் வந்து, "உங்க ரேகை எங்கம்மா?" என்றார். எனக்குப் பயம். எத்தனை வருஷம் அலைந்து கிடைத்த கடதாசி, இந்தக் கையால் கெட்டுப்போகுமோ என்று. பொன்னம்மா அமைதியாகச் சொன்னாள்: "அதெல்லாம் பருப்போட சேர்ந்து கொழும்புக்குப் போயிருச்சுங்க ஐயா, அங்க கேட்டுப் பாருங்க."

ஹாஜியார் சொன்னது

எங்கள் முதலாளியை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். கண்டி டவுனில் அவருக்குக் கடை. குறை சொல்ல முடியாத மனுஷன். நோன்பு மாசத்தில் ஷெட்டுக்கு வாளி வாளியாகக் கஞ்சி அனுப்புவார். தீபாவளிக்கு நாற்பது பேருக்கும் சேலை வரும். அவருக்கு ஒரே ஒரு ரகசியம் உண்டு. கொட்டையை ட்ரம்மில் ஆவியில் அவிப்போம் இல்லையா, அதைச் சுடச்சுட வெட்டினால் பருப்பு உடைந்துவரும். சாக்கில் பரப்பி ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் வெட்டினால் முழுசாகக் கழன்று வரும். முழுப்பருப்புக்குத்தான் மரியாதை, உடைந்தது கேக் கடைக்குப் போகும். இந்த ஒரு ராத்திரி விஷயம் உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஹாஜியார் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் வந்து, கதிரையில் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். நமக்குக் கொட்டை அனுப்புகிற தான்சானியா சங்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். அஞ்சு நாள் இருந்து வேலை பழகப்போகிறாள். வேண்டாம் என்றால் கொட்டையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சரி, வரட்டுமே என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "எல்லாத்தையும் காட்டுங்க புள்ள, ஆறப்போடுறத மட்டும் காட்டிராதீங்க, அவங்கட ஊர்லயே முழுப்பருப்பு எடுக்கப் பழகிட்டா, நம்மட நாப்பது பேருக்கு யாரு கொட்டை அனுப்பப் போறாங்க?"

சுடுகொட்டை

வந்தவள் பேர் ஹலீமா. எங்களைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். தலையில் பூப்போட்ட துணி, கையில் எழுதிக்கொள்ள ஒரு கொப்பி. ஹாஜியார் ஸலாம் சொன்னார். அவளும் ஸலாம் சொன்னாள். மனுஷனுக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது, ஆனால் போட்ட கட்டளை போட்டதுதான். கதிரை கொண்டுவந்து போட்டோம். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து, கையில் எண்ணெயும் சாம்பலும் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டாள். எனக்கும் அரைகுறை இங்கிலீஷ், அவளுக்கும் அரைகுறை இங்கிலீஷ். அதனால் நன்றாகவே விளங்கியது.

நான் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. முந்தின நாளே அவித்து ஆறின கொட்டையைப் பின்பக்கம் சாக்குக்கு அந்தப் பக்கம் ஒளித்து வைத்தோம். அவள் முன்னால் கொட்டியது அப்போதுதான் ட்ரம்மிலிருந்து இறக்கிய சுடுகொட்டை. அவளுக்குத் தெரியக்கூடாதே என்று நாங்களும் அவளோடு சேர்ந்து சுடுகொட்டையையே வெட்டினோம். பழகின கை என்பதால் எங்களுக்குப் பாதியாவது முழுசாக வந்தது. அவளுக்கு எல்லாம் தூள். அவள் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பாள், மறுபடி எடுப்பாள், மறுபடி உடையும். "புதுசுதானே, போகப் போக வரும்" என்று நான் தேற்றினேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் ஊர்க் கதையைச் சொன்னாள். மரம் அவர்களுடையது. பொறுக்குகிறதும் காயப்போடுகிறதும் அவர்கள். மூட்டையாகக் கட்டிக் கப்பலில் ஏற்றினால் கதை முடிந்தது. வெட்டுகிற வேலையும் லாபமும் வேறு ஊருக்கு. அதே கஜு பருப்பாகப் பக்கத்து டவுன் கடைக்குத் திரும்பி வரும்போது, அவர்களால் வாங்கித் தின்ன முடியாது. "எங்கள் கிராமத்தில் வெட்டிப் பழகிவிட்டால் என் மகள்மாருக்கு வேலை இருக்கும். அதற்காகத்தான் கடன்பட்டு வந்தேன்" என்றாள். நான் அதை மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னேன். பொன்னம்மா சாப்பாட்டை மூடி வைத்தாள். "அவகிட்ட சொல்லுடி தங்கம், எங்க ஆளுங்க கிள்ளுற தேயிலைக் கொழுந்தும் கப்பல்லதான் போகுது, எங்க லயத்துக்கு வர்றது கூட்டி அள்ளுன தூளுதான்."

அஞ்சாம் நாள்

மறுநாள் காலையில் ஹலீமா வந்து உட்கார்ந்ததும், பொன்னம்மா எழுந்து பின்பக்கம் போனாள். சுளகு நிறையக் கொட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் தன் இடத்தில் குந்திக்கொண்டாள். அது ராத்திரி முழுக்க ஆறின கொட்டை. ஷெட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

ஹலீமா முதல் கொட்டையை வெட்டினாள். முழுப்பருப்பு. அடுத்ததும் முழுசு. நாலு, அஞ்சு, ஒன்றுகூட உடையவில்லை. வெட்டுவதை நிறுத்திவிட்டு, சுளகில் இருந்த கொட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. எழுந்து போய் ட்ரம்மில் இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. அப்புறம் திரும்பிப் பார்த்தாள். பொன்னம்மாவை இல்லை, என்னை. நாலு நாளும் தேற்றினவள் நான்தானே. நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சக் கொட்டையையும் வெட்டி முடித்தாள். பின்னேரம் புறப்படும்போது எல்லாரையும் கட்டிப்பிடித்து விடைபெற்றாள், என்னையும்தான். அதைவிடக் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

அவள் போன கையோடு பொன்னம்மாவைத் தண்ணீர்ப் பைப்படியில் பிடித்தேன். "அடிப்பாவி, நாப்பது பேர் வயித்துல அடிச்சிட்டியேடி! உன் சோத்துலயும் சேத்துத்தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட?" என்று கத்தினேன். அவள் கையில் இருந்த சாம்பலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். "அவ ஊர்லயும் நாப்பது பேர் இருப்பாங்கல்லடி."

அட்டைப்பெட்டி

உடனே ஒன்றும் ஆகவில்லை. சில வருஷம் மூட்டை வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு லொறி குறைந்தது. பிறகு ஒரு நாள் ஹாஜியார் வந்து, இனிமேல் அங்கேயிருந்து கொட்டை வராது, பருப்பாகவே வரும் என்றார். ட்ரம்மைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். பாக்கெட் போட ஒன்பது பேர் போதும். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புகிற வேலையை என் தலையில் கட்டினார். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருத்தி என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பொன்னம்மா மட்டும் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே தன் சுளகைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கண்டியில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் ஆட்கள் யாரும் அவளோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, பஸ்ஸில் கண்டால் வேறு சீட்டில் போய் உட்காருவேன். அவித்த கொட்டையை ஆறவிடுவது இந்தியாவில் கஜு ஷெட் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்று பிற்பாடு ஒரு வியாபாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் அவளோடு பேச எனக்கு மனம் வரவில்லை. கோபம் கையோடு பழகிப்போயிருந்தது.

ஹலீமாவின் ஊரிலிருந்து முதல் அட்டைப்பெட்டிகள் வந்த நாளில் நான்தான் உடைத்தேன். வெள்ளை வெளேரென்று முழுப்பருப்பு. கூடவே ஒரு போட்டோ வந்திருந்தது. நீளமான ஒரு ஷெட், தரையில் வரிசை வரிசையாகப் பெண்கள், முன்வரிசையில் ஹலீமா. எல்லார் கையிலும் சாம்பல். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. நாற்பதுக்கு மேல் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோவையும் ஒரு கைப்பிடிப் பருப்பையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு பொன்னம்மாவின் காம்பராவுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்வானேன்! அவள் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ரேகையில்லாத விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டாள். அப்புறம் ஒரு முழுப்பருப்பை எடுத்து வாயில் போட்டாள். அத்தனை வருஷம் அந்த ஷெட்டில் இருந்தும் நாங்கள் தின்றது தூளும் துண்டும்தான். மெல்ல மெல்ல அவள் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது, சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. பொன்னம்மா சொன்னாள்: "நல்லா ஒரு ராத்திரி ஆறவிட்டுத்தான் வெட்டியிருக்காடி."

இப்போதும் கடையில் கஜு வாங்கினால் முழுசா என்று பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை. முழுசாக இருந்தால் கோபம் வருகிறது, உடைந்திருந்தால் அதைவிடக் கோபம் வருகிறது.