ஏழாவது கையெழுத்து

அக்கா பிரசவத்தில் இறந்தாள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், எங்கள் வீட்டிலேயே தாய்மார் உதவிச் சங்கம் தொடங்கினோம். வலி கண்டவர்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வைப்பதே நோக்கம். மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றதால் ஊரார் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும் நான் விதிகளை எழுதினேன்: நோக்கம், உறுப்பினர், இலாபம் எவருக்கும் இல்லை. பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். உள்ளே ஆறு பேர்தான். ஏழாமவள் பக்கத்து வீட்டுக்காரி, நிறைமாதம். வேலிக்கு வெளியே நின்றாள்.

"சாவு வீட்டுக்குள்ள நான் வரக்கூடாதாமே, மிஸ்ஸி?"

"வராத புள்ள! சங்கம் ஒனக்குத்தான், வாசல்தான் ஒனக்கில்ல," என்றார் உள்ளே அறுவரில் ஒருவராக இருந்த என் மாமி.

தாளை வெளியே கொண்டுபோனேன். அவள் கையெழுத்திட்டபோது பார்த்தேன்: கால் வீக்கம், முக வீக்கம். அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

உள்ளே திரும்பி, அவளுக்கு இன்றே வண்டி பிடிக்கச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அக்கா போன அந்த மாதம் முழுக்க எனக்குள் எதுவும் நடுங்கவில்லை.