பிளேன் பெட்டியும் ஸ்பெஷல் பெட்டியும்

1. கெத்தல் பிடித்த கை

துப்பாக்கி விற்கிற துவக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி காதர் நானா சுட்டு முடிந்த ஒரு வெறும் கோதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னெண்டு செல்லு பாப்பம்?"

"வெடிச்ச ரவை, நானா. இனி எறியிறதுதானே."

"எறியிறதா? எறிஞ்சா நீயும் நானும் என்னத்த தின்னுறது?"

அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கெத்தல் பிடித்துக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்திருக்க ஒருவரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. ஆனால் பிறகு கொழும்பில் ரிவோல்வருக்கு ரவை நிரப்புவது என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். தோட்டத் துரைமார்கூட என்னைத் தேடி அந்த ஒழுங்கைக்குள் காரைக் கொண்டுவந்து, திருப்ப முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

அது வெளிநாட்டுச் சாமான் வருவது அநேகமாக நின்றுபோயிருந்த காலம். லைசன்ஸ் இருக்கும், துவக்கு இருக்கும், ரவை இருக்காது. ஆகவே சுட்ட கோதைப் பொறுக்கி வந்து தருவார்கள். நான் அதைக் கழுவி, டை அச்சில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கொடுத்துச் செத்த கெப்பைத் தட்டி எடுத்துப் புதுக் கெப்பு இறுக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, நானே வார்த்த ஈயக் குண்டை மேலே வைத்து, வாயை மடித்துக் கொடுப்பேன். மருந்து நிறுக்கத் தராசு செட்டியார் தெருவிலிருந்து வந்தது. தங்கம் நிறுத்த தராசு. தங்கத்தில் கொஞ்சம் கூடினால் யாருக்கோ இலாபம். மருந்தில் கூடினால் யாருக்கோ கை போகும். இதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்; ஒருவரும் சொல்லித் தரவில்லை.

2. நானா வைத்த பெயர்

எங்கள் பெரிய வாடிக்கையாளர் வெள்ளவத்தைச் சுப்பையா முதலாளி. புறக்கோட்டையில் இரும்புக் கடை, சிலாபம் பக்கம் தென்னந்தோட்டம். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. அவரிடம் ஒரு மெக்னம் ரிவோல்வர் இருந்தது. கையில் எடுத்தால் சின்னக் குழந்தையைத் தூக்கிய பாரம். பன்றி பற்றைக்குள்ளிருந்து நேரே காலுக்கு வரும்போது நீட்டுத் துவக்கைத் திருப்ப நேரமில்லை, இதுதான் உயிரைக் காப்பாற்றும் என்பார்.

இந்த இடத்தில் வாசிப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பெஷல் என்று ஒரு ரவை, மெக்னம் என்று ஒரு ரவை. இரண்டுக்கும் குண்டின் தடிப்பு ஒன்றுதான். ஸ்பெஷலின் கோது குட்டை, மருந்து குறைவு. மெக்னத்தின் கோது சற்று நீட்டம், மருந்து கூட. மெக்னம் ரிவோல்வருக்குள் இரண்டும் போகும். பழைய ஸ்பெஷல் ரிவோல்வருக்குள் நீட்டுக் கோது போகாது, முட்டிக்கொண்டு நிற்கும். மெலிந்த துவக்கில் பலத்த ரவையை ஒருவன் மறந்தும் போடக்கூடாது என்றுதான் அதை நீட்டமாகச் செய்தார்கள். வெள்ளைக்காரன் நன்றாகத்தான் யோசித்திருந்தான். எங்கள் தேத்தண்ணிக் கடையை மட்டும் யோசிக்கவில்லை.

சுப்பையா முதலாளியின் நீட்டுக் கோதுகள் திரும்பத் திரும்ப நிரப்பி வாய் வெடித்துப்போயின. புதிது எடுக்க வழியில்லை. அவர் வந்து சொன்னார்:

"குட்டைக் கோதுலயே பெரிய மருந்து போட்டுக் குடுங்கப்பா. நான் மெக்னத்துலதான சுடப் போறேன், அது தாங்கும். கூட ஒரு பெட்டி லேசாவும் போடு. என் தங்கச்சி புருஷன் அவங்கப்பா காலத்து ரிவோல்வரை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமையானா தகர டின்னைச் சுட்டுக்கிட்டு இருக்கான். அவனுக்கு."

அந்த மருந்தை மெக்னம் தாங்கும்தான். கூட்டியும் குறைத்தும் சுட்டுப் பார்த்துத்தான் அளவு பிடித்தேன். இரண்டு பெட்டியும் தயாரானது. இரண்டிலும் ஒரே குட்டைக் கோது, ஒரே ஈயக் குண்டு. இரட்டைப் பிள்ளைகளைப் போல. பெட்டியில் என்ன எழுதுவது என்று நானாவிடம் கேட்டேன்.

நானா அப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "இதுக்கென்ன யோசினை? லேசா ஈக்கியது பிளேன். கடும் சாயமா ஈக்கியது ஸ்பெஷல். நீ தேத்தண்ணிக் கடையில நிண்டவன்தானே, ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பிளேன் என்றால் பாலில்லாத வெறும் சாயம். ஸ்பெஷல் என்றால் சாயம் கூட, பால் கூட, கிளாஸ் நிறைய. கொழும்பில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். சிவப்புப் பெயின்ட் எடுத்து அழகாக எழுதினேன். என் எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கும். இதில் என் பிழை எங்கே என்று பிறகு பலர் கேட்டார்கள். இன்றுவரை ஒருவராலும் காட்ட முடியவில்லை.

3. பன்றி விழவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் நானும் நானாவும் கணக்கு வழக்கில்லாமல் கதைத்துக்கொண்டிருந்தோம். சுப்பையா முதலாளி வந்தார். கால்சட்டை முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது. காலில் சப்பாத்து ஒன்றுதான் இருந்தது.

"என்ன மருந்துய்யா போட்டீங்க? பேதி மருந்தா? ரெண்டு குண்டு நெத்தியில வச்சேன். பன்றி தும்மிட்டு வருது! தென்னை மரத்துல ஏறினேன், இந்த வயசுல!"

நானா எழுந்து நின்றுவிட்டார். "எந்தப் பெட்டிய கொண்டு போனீங்க?"

"பிளேன் பெட்டியைத்தான்."

"ஏன் பிளேன்? ஒங்களுக்குப் போட்டது ஸ்பெஷல்தானே?"

"ஸ்பெஷல் மச்சானோட துவக்குக்குத்தானே! அவனுதுதான் ஸ்பெஷல் ரிவோல்வர். கோதோட அடியிலயே ஸ்பெஷல்னு குத்தியிருக்கு. பெட்டியிலயும் ஸ்பெஷல்னு எழுதியிருக்கு. அவனுக்குக் குடுத்துட்டேன்."

அந்தப் பழைய ரிவோல்வரை நான் கழற்றித் துடைத்திருக்கிறேன். அதன் உருளையின் சுவர் எவ்வளவு மெலிவு என்று என் விரலுக்குத் தெரியும். அதில் பெரிய மருந்து வெடித்தால் உருளை பிளக்கும். பிடித்திருப்பவனின் விரலோ கண்ணோ போகும்.

"மச்சான் இப்ப எங்க, முதலாளி?"

"ஹெந்தளையில, வீட்டுலதான். வர்ற வழியில அங்க இறங்கி, இந்தப் பிளேன் மிச்சத்தையும் அவன் தலையில கட்டிட்டு வந்தேன். வாங்கி ரெண்டையும் ஒரே பிஸ்கட் டின்னுல கொட்டினான்."

"ஒரே டின்னிலயா?"

"ஆமா. ஏன்?"

ஹெந்தளை வீட்டில் டெலிபோன் இல்லை. நான் முதலாளியின் காருக்குள் பாய்ந்தேன். நானா கடையைப் பூட்டவா விடவா என்று தெரியாமல் சாவியோடு ஒழுங்கையில் நின்றார்.

கிராண்ட்பாஸ் வழியாகப் பாலத்துக்குப் போகும் வரைக்கும் காருக்குள் ஒரே சண்டை. முதலாளிக்கு விளங்கவேயில்லை.

"மெக்னம்தான் பெருசு, ஸ்பெஷல் சின்னது. உலகத்துக்கே தெரியும்!"

"ஓம் முதலாளி, அது துவக்கில. இது தேத்தண்ணியில."

"துவக்குக்கும் தேத்தண்ணிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"மருந்து கடும் சாயம், முதலாளி."

"எந்த மருந்து?"

"ஸ்பெஷல் மருந்து!"

"அதான் மச்சானுக்குக் குடுத்தேன்!"

பாலத்தடியில் மாட்டு வண்டிகள் வரிசை. அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஒருமுறை யோசித்தார். யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

4. மருந்து மாறிப்போச்சு

ஹெந்தளை வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே பின்வளவில் வெடிச் சத்தம் கேட்டது. ஒரு 'டப்'. இன்னொரு 'டப்'. அடுத்தது வேறு மாதிரி. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மாமரத்துக் காகமெல்லாம் எழும்பியது.

நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். மச்சான் ராஜேந்திரம் கடல் பக்கம் பார்த்து நின்றார். மண்மேட்டில் தகர டின்கள். கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அந்தப் பெரிய வெடி அவருக்குப் பிடித்துவிட்டது போலும், உடம்பை நிமிர்த்திக்கொண்டு அடுத்ததுக்குக் குறி பார்த்தார்.

"மாஸ்டர், சுடாதீங்கோ! மருந்து மாறிப்போச்சு! மருந்து மாறிப்போச்சு!"

அவர் ஒரு கல்லூரியில் கணக்கு மாஸ்டர். திரும்பவில்லை. காதில் பஞ்சு. கடல் இரைச்சல் வேறு.

ஆனால் குசினிக்குள் நின்ற அவர் மனைவிக்குக் கேட்டது. முதலாளியின் தங்கை செல்லம்மாதான் அவர். மாஸ்டரின் தகப்பனார் முன்னறையில் படுக்கையில் கிடந்தார். காலை மருந்தை அந்தம்மா அப்போதுதான் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"ஐயோ! மாமாவுக்கு மருந்து மாறிப்போச்சாமே!"

தலையில் அடித்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடிவந்தார். நேரே புருஷனுக்கு முன்னால், டின்களுக்கும் ரிவோல்வருக்கும் நடுவில். மாஸ்டர் பயந்துபோய்க் கையைத் தாழ்த்தி, ரிவோல்வரின் குதிரையை மெல்ல இறக்கினார். பஞ்சைப் பிடுங்கினார்.

"என்னடி? குறுக்க வர்றே?"

"அப்பாவுக்கு மருந்து மாறிப்போச்சாம்!"

"யாரு மாத்தினது?"

அந்தம்மா என்னைக் காட்டினார். "இந்த ஆள்தான் கத்தினாரு!"

"நீ யாருய்யா எங்கப்பாவுக்கு மருந்து மாத்த?"

"அப்பாவுக்கில்ல மாஸ்டர், துவக்குக்கு!"

"துவக்குக்கு என்ன வியாதி?"

இதற்குள் முன்னறையிலிருந்து கிழவரின் குரல் வந்தது. "டேய்... எனக்கு நெஞ்சை அடைக்குதுடா... நான் அப்பவே சொன்னேன், மருந்து கசக்கலைன்னு..."

அந்தம்மா உள்ளே ஓடினார். மாஸ்டர் ரிவோல்வரோடு உள்ளே ஓடினார். நான் ரிவோல்வருக்குப் பின்னால் ஓடினேன். சுப்பையா முதலாளி ஒற்றைச் சப்பாத்தோடு எல்லாருக்கும் பின்னால் ஓடிவந்து, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? கை இருக்கா?" என்று கேட்க, கிழவர் தன் கையை உயர்த்திப் பார்த்து, "கைக்கும் வருமா?" என்று அழத் தொடங்கினார்.

போத்தலை அவருக்கு முன்னால் வைத்து, அதே மருந்துதான், அதே நிறம்தான் என்று நம்பவைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே மாஸ்டரின் கையிலிருந்து ரிவோல்வரை வாங்க முடிந்தது.

உருளை திறக்க மறுத்தது. மரக்கட்டையால் தட்டித் திறந்தேன். சுட்ட கோதுகளில் ஒன்றின் கெப்பு சப்பளிந்து சல்லிக்காசு போலிருந்தது. அந்தக் கோது இருந்த உருளை அறையை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உட்சுவரில் மோதிரம் போல ஒரு வீக்கம். மாஸ்டரிடம் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சுடாமல் உருளையில் மிஞ்சியிருந்த ரவைகளை மேசையில் வைத்திருந்தேன். அதில் ஒன்றுதான் அவர் அடுத்ததாகச் சுட இருந்தது. அது பிளேனா ஸ்பெஷலா என்று அறிய நான் அதைத் தனியே எடுத்து வைப்பதற்குள், செல்லம்மா "இந்தச் சனியன் எதுக்கு வீட்டுக்குள்ள!" என்று எல்லாவற்றையும் வழித்துப் பிஸ்கட் டின்னுக்குள் தள்ளிவிட்டார்.

டின்னுக்குள் எல்லாம் ஒரே மாதிரி. நிறுத்துப் பார்க்கலாம் என்றால், நான் எவ்வளவு நன்றாக வார்த்தாலும் ஈயக் குண்டு ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் வரும். மருந்தின் வித்தியாசம் அதற்குள் மறைந்துவிடும். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தோம். மருந்து குறைவாக இருந்தால் உள்ளே உருளும். முதலாளி உருளுகிறது என்றார். மாஸ்டர் உருளவில்லை என்றார். அவர் காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. எனக்குக் கடல்தான் கேட்டது.

கடைசியில் முதலாளியின் காரிலிருந்த மெக்னத்தை எடுத்துவந்தோம். அது இரண்டையும் தாங்கும். முதலாளியும் நானும் மண்மேட்டைப் பார்த்து டின் காலியாகும் வரைக்கும் சுட்டோம். டப், டப், ட்டமார், டப், ட்டமார், ட்டமார். உள்ளேயிருந்து கிழவர் ஒவ்வொன்றுக்கும் முருகா முருகா என்றார்.

5. பிறகு

கடைக்குத் திரும்பியபோது நானா பூட்டிய கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் கை கால் இருக்கிறது என்று சொன்னேன். மூச்சு விட்டார். விட்ட கையோடு, "ஆனா ஸ்பெஷல் எண்டா ஸ்பெஷல்தானே?" என்றார். சாகும்வரை அவர் அந்தக் கட்சிதான். சுப்பையா முதலாளி மற்றக் கட்சி. இரண்டு பேரும் சொல்வதைக் கேட்கும்போது இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து நான் பெட்டியில் எழுதுவதை நிறுத்தினேன். பலத்த மருந்து போட்ட ஒவ்வொரு ரவையின் அடியிலும், கெப்பைச் சுற்றிச் சிவப்புக் கியூட்டெக்ஸ் பூசினேன். வெள்ளவத்தைக் கடையில் நகத்துக்குப் பூசுவது வாங்கப் போனபோது, யாருக்கு என்று கேட்டார்கள், துவக்குக்கு என்றேன். பெட்டி மாறலாம், டின்னில் கொட்டலாம், சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கலாம். நிறம் ரவையோடேயே போகும். இப்போது இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அடையாளத்தைச் சாமானில் வை, பெட்டியில் வைக்காதே. வாயால் வைக்கவே வைக்காதே.

மாஸ்டர் அந்த ரிவோல்வரைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். என்னை எங்கே கண்டாலும், கோயிலிலோ கலியாண வீட்டிலோ, பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்: "அந்த அடுத்த ரவை... பிளேனா, ஸ்பெஷலா?"

அவர் நிம்மதிக்காகச் சில தடவை பிளேன் என்றேன். மனைவியை அவர் ஏசிக்கொண்டிருந்த ஒரு நாள் ஸ்பெஷல் என்றேன். உண்மை எனக்குத் தெரியாது. கொழும்பில் ரவை நிரப்புகிற தொழிலில் எனக்குத் தெரியாமல் போனது அந்த ஒன்றுதான்.