இரண்டு பாட்டுக்கு நடுவில்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருப்பவரை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுதுபார்த்தவர். வேலை முடிந்து வந்தால் தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் போவார். ஏன் என்று கேட்டால், "அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்பார். அவர் மனைவி எங்களுக்கு அண்ணி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் நிமிர்த்துகிற வேலை. வாயைவிடக் கைதான் அதிகம் பேசும்.

அண்ணனுக்கு முதலில் வலது கையில் நடுக்கம் வந்தது. டாக்டர் நடுக்குவாதம் என்றார். ஸ்பேனரை நேராகப் பிடிக்க முடியாமல் போனதும் வேலையை விட்டார். பிறகு கால்களும் முரண்டுபிடிக்க ஆரம்பித்தன. நன்றாக நடந்துகொண்டிருப்பார், கதவோரம் வந்ததும் பாதங்கள் பசை போட்டு ஒட்டியது போல நின்றுவிடும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வெளியே போவதையே நிறுத்திவிட்டார்.

அவருக்கு நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண், அவர் மகள் வயதுதான் இருப்பாள். அண்ணன் அவளை டாக்டரம்மா என்பார். முதல் நாளே அவர் அறைவாசலில் சிக்கி நின்றார். அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரே சீராகக் கைதட்டினாள். நாலாவது தட்டுக்குக் கால் தானாக எழுந்தது.

"மூளையிலேர்ந்து காலுக்கு வர்ற வழி அடைச்சிருக்கு சார். காது வழியா சுத்திப் போகலாம்" என்றாள்.

அவளே ஒரு இசைத்தொகுப்பைப் பரிந்துரைத்தாள். ஒரு தாளவாத்தியக் குழு நிறுத்தாமல் வாசித்த நீண்ட வாசிப்பு. அதைப் பல பாட்டுகளாகத் துண்டுபோட்டு வைத்திருந்தார்கள். இடது, வலது என்று அடி வைக்கத் தோதான வேகம். அண்ணி அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அண்ணன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முதலில் வீட்டுக்குள், பிறகு நடைக்கூடத்தில், பிறகு தெருமுனை ரொட்டிக்கடை வரை நடந்தார். எதிரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ரொட்டிப் பையைத் தூக்கிக் காட்டுவார்.

ஒருநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது நட்டநடுவில் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். "அவசரமில்ல பெரியவரே, நிதானமா வாங்க. நான் நிக்கிற வரைக்கும் எவனும் போக முடியாது" என்றாராம். அண்ணி ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அந்த லாரிக்காரர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டேன்" என்றார் அண்ணன். சிரித்தாலும் முகம் வெளுத்திருந்தது. அதன்பின் ரொட்டிக்கடை வேண்டாம் என்றார்.

அண்ணி விடவில்லை. ஒயரின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை அவர் காதிலும் மாட்டிக்கொண்டு நடைக்கூடத்தில் கூடவே நடந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கண்ணிமைக்கும் நேரம் சத்தமே இல்லை. சரியாக அங்கேதான் கால் நின்றது. மறுபடி பார்த்தாள். மறுபடியும் அங்கேதான்.

"உங்க கால் மேல தப்பில்லைங்க. பாட்டுதான் நிக்குது."

போனில் இருந்த பாட்டுச் செயலியின் அமைப்புகளையெல்லாம் புரட்டினாள். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை மேலே கலந்துவிடும் வசதி இருந்தது. போட்டுப் பார்த்தாள். இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அண்ணன் நின்ற இடத்திலேயே பொடிப்பொடி அடியாகத் தத்தளித்தார். "ஒரே வீட்டுல ரெண்டு எஜமானன்னா வேலைக்காரன் என்ன பண்ணுவான்?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வெளியூரில் இருக்கும் மகள் வேறொரு இலவசச் செயலியை இறக்கிக் கொடுத்தாள். அதில் இடைவெளி இல்லாமல் இயக்குகிற வசதி இருந்தது. பெரும்பாலான இடங்களில் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஆனாலும் சில இணைப்புகளில் இன்னும் ஒரு சின்ன வெட்டு. இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. காது ஒயரில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிற்கும், இருமுறை அழுத்தினால் அடுத்த பாட்டுக்குத் தாவும். நடுங்கும் விரல் ஒருமுறை பட்டதோடு எப்போது நின்றது? பாட்டு தாவும், நடுவில் ஒரு மௌனம் விழும், கால் உறைந்துவிடும்.

அண்ணி செயலியை உருவாக்கியவருக்கு எழுதினாள். பாராட்டு, புகார் எதுவும் இல்லை, நடந்ததை மட்டும். மறுநாளே அவர் போன் செய்தார். பகலில் ஏதோ அலுவலகத்தில் வேலை, இதை மிச்ச நேரத்தில் செய்கிறவர்.

"அம்மா, எந்தப் பாட்டு முடியும்போது வெட்டுதுன்னு சொல்றீங்களா? அந்தக் கோப்பையே அனுப்பினா இன்னும் நல்லது."

அனுப்பினாள். சில நாள் கழித்து அவரே விளக்கினார். "பாட்டைச் சுருக்கிக் கோப்பாக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கும். துணி தைக்க ஓரம் விடுறாங்கல்ல, அது மாதிரி. எவ்வளவு வெட்டணும்னு கோப்புலயே குறிச்சிருப்பாங்க. உங்க கோப்புல சிலதுல அந்தக் குறிப்பே இல்ல. என் செயலி வெட்டாம விட்டிருக்கு. இனிமே அதுவே பார்த்து வெட்டிக்கும்."

"அந்தப் பொத்தான்?"

"அதைப் பூட்டி வைக்க ஒரு வசதி போட்டிருக்கேன். நீங்களா பாட்டை மாத்தினாலும், அடுத்தது தயாராகுற வரைக்கும் பழசு ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல மௌனம் விழாது." போனை வைக்கும் முன் சொன்னார்: "அம்மா, இத்தனை நாளும் இடைவெளி இல்லாம ஓடுறதை இசைப் பித்து பிடிச்சவங்க கேக்குற வசதின்னு நினைச்சிருந்தேன்."

அவர் திருத்திய செயலியோடு நடைக்கூடத்தில் முதல் நடை. அண்ணன் முன்னால், அண்ணி பின்னால், இருவர் காதிலும் ஆளுக்கொரு முனை. பழைய வெட்டு வரும் இடம் நெருங்க நெருங்க அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்த இடம் வந்தது. போயிற்று. அண்ணனுக்கு அது தெரியவே இல்லை. நடைக்கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பினார்.

"எதுக்கு அழற?"

"ஒண்ணுமில்ல. நடங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் அந்தச் செயலிக்காரரைத் தானே கூப்பிட்டார். பேச்சும் குழற ஆரம்பித்திருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார். "தம்பி, நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்னாதான் எங்களைத் தேடுவாங்க. ஒழுங்கா ஓடுற லிஃப்டுல போறவன் எங்களை நினைக்கவே மாட்டான். உங்களையும் அப்படித்தான் யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

 அவர், "அய்யா, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

நோய் குணமாகிவிடவில்லை. அது குணமாகிற நோயும் இல்லை. மாத்திரையின் வேகம் குறையும் பொழுதுகளில் எந்தத் தாளத்துக்கும் கால் அசையாது. அப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். நல்ல பொழுதுகளில் ரொட்டிக்கடை, தபால் நிலையம், பூங்கா. டாக்டரம்மா இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்; அவள் போன் வந்தால் அண்ணன் நின்றுகொண்டே பேசுவார், மரியாதைக்காம்.

போன வாரம் தனியாகப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். வலது பக்கம் ஒரு அளவு, இடது பக்கம் ஒரு அளவு. என்ன இது என்று அண்ணி முடிதிருத்துபவருக்குப் போன் செய்தாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? காதுல மாட்டினதைக் கழட்ட மாட்டேன்னுட்டார். காலால தாளம் போட்டுக்கிட்டே இருந்தார். தலையும் சேர்ந்து ஆடிச்சு."

அண்ணி ஒரு துண்டை எடுத்துவந்து, அவர் பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.