சுருக்கிய நாவலில் தேசம்மாவின் பாடு

இறால் ஷெட்டில் சூப்பர்வைசராகச் சேரும் பெண்கள் முதலில் கற்க வேண்டியது இறாலை அளவு பார்த்து கிரேடு பிரிப்பது அல்ல, மற்றவர்களின் கையை ஓட வைப்பதுதான். பழவேற்காட்டில் நான் அதைக் கற்றது ஒரு மழைநாள் மத்தியானம். லோடு தாமதமாக வந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. உரிக்க உட்கார்ந்த பெண்களோ காத்திருந்த அலுப்பில் சொக்கிக்கொண்டிருந்தார்கள். அதட்டினால் ஒரு கூடைக்குத் தாங்கும், அப்புறம் பழைய கதைதான்.

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்று என் பையில் இருந்தது. நான்கு குடும்ப நாவல்களைச் சுருக்கி ஒரே அட்டைக்குள் போட்டிருந்தார்கள். அந்த அட்டையிலும் பாதிதான் மிச்சம். சத்தமாக வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் கைகள் தானாக ஓடின. வெளியே ஏரி எது, வானம் எது என்று தெரியாமல் வெளுத்துக் கிடந்தது. உள்ளே, கதையில் யாரோ ஒரு பெண் மாடி வீட்டுக்கு மருமகளாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வாசிப்புதான்.

உரிப்பவர்களில் தேசம்மா அதிகம் பேச மாட்டாள். அவள் புருஷன் குஜராத்துக்கு மீன்பிடி போட்டில் வேலைக்குப் போய், போன் பண்ணுவதையும் நிறுத்திவிட்டான். அங்கே வேறு குடும்பம் இருப்பதாகப் பேச்சு. காத்திரு என்றது மாமியார் வீடு. பொன்னேரி மார்க்கெட்டில் மீன்கடை போட்டுத் தருகிறேன், வந்துவிடு என்றான் அண்ணன். இருவருக்கும் பதில் சொல்லாமல் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

கதையிலும் புருஷன் கப்பலேறினான். ஆண்டுகள் பல உருண்டோடின, ஒரு நாள் அவன் வாசலில் வந்து நின்றான் என்று வாசித்தேன். தேசம்மா தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, அத்தினி வருசமும் அவ இன்னா பண்ணினா?"

சுருக்கியபோது வெட்டிவிட்டார்கள் என்றேன். ஷெட்டே கோபித்துக்கொண்டது. ஆளாளுக்கு ஒன்று சொல்லக் கிளம்பவும், தோணிரேவு குப்பத்துக்காரி ஒருத்தி பாடு வைக்கலாம் என்றாள். ஏரியில் வலை போட முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. ஒருவர் பாடு நடக்கும்போது இன்னொருவர் வலை இறக்கக்கூடாது. கதைக்கும் அதே சட்டம். சீட்டுப் போட்டதில் முதல் பாடு தேசம்மாவுக்கு விழுந்தது.

கையிலிருந்த இறாலைப் பார்த்தபடியே சொன்னாள். முதலில் அந்தப் பெண் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாளாம். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தாளாம். ஒரு நாள் அரிசி அளக்கும்போது கை தானாகவே குறைத்து அள்ளிவிட்டதாம். அன்றைக்கு அழுதாளாம், அப்புறம் அழவில்லையாம்.

அடுத்த பக்கம் எனக்குத் தெரியும். அதில் அவள் ஓடிவந்து அவன் காலில் விழுகிறாள். அவன் வந்து நின்றானே, அதற்கப்புறம் என்று யாரோ கேட்டார்கள்.

"சோறு போட்டா. துன்னு முடிச்சதும், எங்க தங்கப் போறன்னு கேட்டா."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அது அவள் பாடு. காலில் விழும் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த நாவலை எடுத்தேன். சில நாளில் தேசம்மா வேலையை விட்டு அண்ணனிடம் போய்விட்டாள். நல்ல கை, போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஷெட்டில் வாசித்துக் காட்டுங்கள், வேலை நடக்கும். ஆனால் கதையைச் சுருக்கிய இடம் வந்தால் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அங்கே யாருக்காவது சொல்ல இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பொன்னேரி மார்க்கெட்டில் தேசம்மாவைப் பார்த்தேன். அவன் வந்தானா என்று கேட்டேன். செதில் சீவிக்கொண்டே சிரித்தாள்.

"வரல அக்கா. வந்தா சோறு கீது. எடம்தான் இல்ல."