இடது கால் மிதித்த பிரேக்

1. வேகத்தடை

லாரி நின்றுவிட்டது. பின்னால் இருந்த சரக்கு நிற்கவில்லை. மங்கலம்பேட்டைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடைக்கு முன்னால், பீங்கானோடு பீங்கான் மோதும் சத்தத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ சர்வீஸில் என் வண்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

இறங்கிப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது, அதுவரைக்கும் கடவுள் புண்ணியம். தார்ப்பாயை அவிழ்த்து வைக்கோலை விலக்கினால் பதினாறு வாஷ்பேசின் உடைந்து கிடந்தது. விருத்தாசலத்தை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நான் ஓட்டி வந்தது ஆட்டோ கியர் லாரி. கிளட்ச் பெடலே கிடையாது. கியர் தடிக்குப் பதில் திருப்புகிற குமிழ் ஒன்று இருக்கும். மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும். வேகத்தடையைப் பார்த்ததும் முப்பது வருஷப் பழக்கத்தில் என் இடது கால் கிளட்சைத் தேடிப் போயிருக்கிறது. அங்கே இருந்தது பிரேக். வலது காலுக்குப் பிரேக்கை அளந்து மிதிக்கத் தெரியும். இடது காலுக்குத் தெரிந்ததெல்லாம் தரை வரைக்கும் ஒரே மிதி. மிதித்துவிட்டது.

முதலாளியம்மாவுக்கு போன் போட்டேன். "மங்கலம்பேட்ட தாண்டி வேகத்தடையில சரக்கு உடைஞ்சிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கொண்டு வரச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன்.

2. மிக்சி

பொய் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளியம்மா வசந்தாவிடம் அப்போது இரண்டு லாரி. சூளைகளுக்குக் களிமண் ஏற்றி வருவோம், அங்கிருந்து பீங்கான் சாமான் ஏற்றிப் போவோம். ஒன்றுக்கு நான், இன்னொன்றுக்கு அந்தோணி. என்னைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல கை.

இரண்டில் ஒன்றை மாற்றி ஆட்டோ கியர் லாரி வந்தபோது மூத்த டிரைவர் என்று சாவியை முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். யார்டில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இது வண்டியில்லம்மா, மிக்சி. குமிழத் திருவுறதுக்கு டிரைவரு எதுக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சாவி அந்தோணிக்குப் போனது. அன்றிலிருந்து அவனை நான் கூப்பிட்ட பெயர் மிக்சி ஆபரேட்டர். டீக்கடையில், சூளையில், எடை மேடையில், எங்கே பார்த்தாலும் அதே பெயர்தான்.

உண்மை என்னவென்றால், எனக்கு இடது முட்டி போயிருந்தது. ஜங்ஷன் பக்கம் நெரிசலில் ஒருமுறை ஊர்ந்து வெளியே வருவதற்குள் எத்தனை கிளட்ச் என்று யார் எண்ணுவது? சாயங்காலத்தில் முட்டி வீங்கிக் காலை மடக்க முடியாது. தைலம் தேய்த்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் விட்டுவிட்டேன். முட்டி போன டிரைவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? எனக்கு வேறு வேலையும் தெரியாது. பழைய லாரியை அந்த வருஷத்தோடு விற்றுவிடப் போவதாக முதலாளியம்மா வேறு சொல்லியிருந்தார்கள். கிளட்ச் இல்லாத வண்டி யாருக்கு வேண்டுமோ அந்த ஆளான நானே ஊரெல்லாம் அதைக் கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன். அந்தச் சாவியைக் கேட்டு வாங்கினால் முட்டி விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். இந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

அன்றைக்குப் பழைய லாரி தகுதிச் சான்று வாங்க எஃப்.சி. வேலைக்குப் போயிருந்தது. அந்தோணி, தங்கை மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விசேஷத்துக்கு லீவு. லோடு அவசரம். வேறு வழியில்லாமல் ஏறினேன். ஷோரூம்காரர் வண்டியை விளக்கிக் காட்டியபோது நானும் பக்கத்தில் நின்றவன்தான். டாஷ்போர்டு ஸ்கிரீனைப் பற்றி அரை மணி நேரம் பேசிய மனுஷர், இடது காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

3. யாருடைய மாடு

யார்டுக்குள் வண்டியை நிறுத்தினேன். முதலாளியம்மா நின்றிருந்தார்கள். சேதி கேட்டு அந்தோணியும் விசேஷத்துச் சட்டையோடு வந்திருந்தான். உடைந்ததை எல்லாம் அந்த அம்மா நிதானமாகப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே கேட்டார்கள்.

"மாடு குறுக்க வந்துச்சாண்ணே?"

நான் தயார் செய்து வந்த பொய் அதேதான்.

"அந்தோணிக்கும் மொத லோடுல, அதே வேகத்தடையிலதான் மாடு வந்துச்சு. ஒம்போது பேசினு. அது யாரு வூட்டு மாடுன்னு சொன்னீங்கன்னா, போயி பாத்துட்டு வரேன்."

அந்தோணியைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மாடும் இல்லை மண்ணும் இல்லை, கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்துவிட்டேன் என்றேன். சொன்ன கையோடு எனக்குக் கோபம் வந்தது, அந்தோணி மேல். உனக்கும் இதுதானே நடந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உஷாராக இருந்திருப்பேனே என்று கேட்டேன்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். "எல்லார்கிட்டயும் சொல்லி சிரிப்பீங்கண்ணே. அதான் சொல்லல. மொத மாசம் பூரா இடது கால மடக்கி சீட்டு மேல வச்சிகிட்டுதான் ஓட்டுனேன்."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நிச்சயம் சிரித்திருப்பேன். ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

வெட்கம் ஒரு பக்கம். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஒரு பக்கம். முட்டி விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிட்டேன். எத்தனை மாசமாக என்று முதலாளியம்மா கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். "கிளட்சு இல்லாத வண்டிய வாசல்ல நிறுத்தி வச்சிகிட்டு, ஒரு வருஷமா கால ஒடச்சிகிட்டீங்களாண்ணே?" என்றபோது அவர்கள் குரலில் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் ஆட்டோ கியர் லாரி எனக்கு, பழைய லாரி விற்கிறவரைக்கும் அந்தோணிக்கு என்றார்கள். அந்தோணி பாக்கெட்டிலிருந்து உபரிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். பதிலுக்கு எனக்கு ஒரு பெயர் வைக்க அவனுக்கு அது நல்ல சமயம். வைக்கவில்லை.

இப்போது இரண்டு லாரியுமே ஆட்டோ கியர்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறேன். நான் ஓட்டுகிற வண்டியைச் சின்னப் பிள்ளைகூட ஓட்டும் என்று யாராவது சொன்னால், ஓட்டட்டுமே, எனக்கென்ன குறைந்துபோயிற்று? புதிதாக வருகிற டிரைவர்களுக்கு வண்டியைக் காட்டுவது நானும் அந்தோணியும்தான். ஸ்கிரீன் பக்கம் போவதற்கு முன்னால் நான் பதினாறு என்கிறேன், அவன் ஒன்பது என்கிறான். எது உடைந்தது, எந்தக் கால் உடைத்தது என்று இருவரும் சொல்லிவிடுகிறோம்.

நான் கற்றுக்கொண்டது கியரைப் பற்றி அல்ல. என் சிரிப்புக்குப் பயந்து ஒருவன் தன் தப்பை மறைத்தான். அதே தப்பைச் செய்து நான் மாட்டிக்கொண்டேன். இப்போது டீக்கடையில் யாராவது, "அண்ணே, நேத்து ஒண்ணு ஆயிப்போச்சு" என்று இழுத்தால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.