ரப்பர் பேண்டு போட்ட பாட்டில்

அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடியபோது அப்பாவின் நல்ல படம் ஒன்றுதான் கிடைத்தது. இமாச்சல் மலையில் எடுத்தது. மே மாதம், நல்ல வெயில், பின்னால் பனி. வாடகைக் கோட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பாவின் வலது கை மட்டும் கோட்டுக்குள் இருக்கிறது.

அப்பா மாசானம், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கிற பெரிய கிரேன். கேபின் பத்து மாடி உயரத்தில் தொங்கும். அதன் தரை கண்ணாடி. குனிந்து, இரண்டு கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். கப்பல் நிற்கும்போது ஒன்றுக்குப் போகக்கூட நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. அதனால் ஆபரேட்டர்கள் ஒரு காலி பாட்டிலோடுதான் மேலே ஏறுவார்கள். அம்மா தினமும் அப்பாவின் பையில் இரண்டு பாட்டில் வைப்பாள். ஒன்றில் குடிதண்ணீர். கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்டு போட்டது மற்றதற்கு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் என் கணவர் சிவப்பிரகாஷ் எங்களை வடக்கே அழைத்துப் போனார். மாப்பிள்ளை என்றால் அப்பாவுக்கு அத்தனை கூச்சம். இவர் வீட்டில் இருக்கும்போது கத்திரி வெயிலிலும் அப்பா சட்டையைக் கழற்ற மாட்டார்.

வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு ரோப் காருக்கு வரிசையில் நின்றோம்.

"கரடி மாரி இருக்கிய," என்றாள் அம்மா.

"இந்தக் கரடிக்குச் சோத்துப் பொட்டலம் கட்டிப் பையில வச்சது நீதாம்ளா."

பை எப்போதும்போல் அம்மா கட்டியது.

எங்களோடு வடநாட்டுக் கணவன் மனைவி ஏறினார்கள். பாதி வழியில் காற்று வீசி, கார் நின்றது. காற்று அளவைத் தாண்டினால் நிறுத்துவதுதான் முறை. நான் மின்பொறியாளர், எனக்குத் தெரியும். தெரிந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் கண்களை மூடிக்கொண்டார். சிவப்பிரகாஷ் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து கீழே பார்த்தார்.

"பயப்படாதிய மாப்ளே. காத்து அடங்காம நகத்த மாட்டானுவ. நாங்களும் காத்து கூடிட்டுன்னா கையக் கட்டிட்டு இருப்போம்."

"எவ்வளவு நேரம் மாமா?"

"ஒருநா மத்தியானம் மாட்டுனேன். இருட்டுன பெறவுதான் எறங்குனேன்." பிறகு அந்தப் பெண்ணிடம், "ஊஞ்சல்னு நெனச்சுக்கோங்கம்மா," என்று கையை ஆட்டிக் காட்டினார். மொழி புரியாமலே அந்தப் பெண் சிரித்தார்.

சிவப்பிரகாஷ் கேட்டுக்கொண்டே போனார். கண்ணாடித் தரையில் பயம் வராதா, கண்டெய்னர் ஆடினால் எப்படி நிறுத்துவீர்கள். கல்யாணமாகி அவர்கள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அப்பாவின் முகம் தெளிந்திருந்தது.

கார் ஆடியது. அப்பா பதில் சொல்லிக்கொண்டே, கண்ணைக் கீழேயே வைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டார். ரப்பர் பேண்டைத் தடவி அந்தப் பாட்டிலை எடுத்தார். மூலைப் பக்கம் திரும்பினார்.

எனக்குப் புரிவதற்குள் சத்தம் வந்துவிட்டது.

"ஏங்க," என்றாள் அம்மா. "ஏங்க, இங்கன இல்ல."

அவரால் நிறுத்த முடியவில்லை. சர்க்கரை உள்ளவர். வடநாட்டுக்காரர் மனைவியின் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். சிவப்பிரகாஷ் மலையில் எதையோ தேடுபவர்போல் வெளியே பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் முடிகிறவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு பாட்டிலை. மூடியைத் திருகினார், மரை சரியாக விழவில்லை. பாட்டிலைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டார். காற்று அடங்கியது. கார் நகர்ந்தது.

மேலே குப்பைத்தொட்டியைச் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். சிவப்பிரகாஷ் கையை நீட்டினார்.

"குடுங்க மாமா. நான் போட்டுட்டு வாரேன்."

"நீங்க தொடாதிய," என்று அப்பா பின்னால் நகர்ந்தார்.

அதற்குள் போட்டோக்காரர் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டார். அம்மா அப்பாவின் கோட்டை இழுத்து மூடினாள்.

"பழக்கத்துல நாந்தான் எடுத்து வச்சுட்டேன்ளா," என்றாள் என்னிடம், உதடு அசையாமல்.

அதன்பின் அப்பா பெங்களூரில் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. நாங்கள் தூத்துக்குடிக்குப் போனால், "மாப்ளைக்கு மக்ரூன் வாங்கிட்டு வாரேன்," என்று கிளம்புவார். மக்ரூனைக் கடைப் பையன் கொண்டுவந்து கொடுப்பான். அவர் நாங்கள் படுத்த பிறகு வருவார். போன பங்குனியில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலும் சிவப்பிரகாஷ் உள்ளே வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அப்படித்தான் போனார்.

ஸ்டூடியோ பேச்சிமுத்து அண்ணாச்சி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார்.

"மலையோட அப்படியே போடலாம்மா, ஜோரா இருக்கு. கை மட்டும் ஏன் உள்ள இருக்கு?"

"குளிரு," என்றார் சிவப்பிரகாஷ். படத்தில் அவர் தன் கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. "முழுசாவே போடுங்க அண்ணாச்சி."

அம்மா தலையை ஆட்டினாள். "வேண்டாம். மொகம் போதும்."

பேச்சிமுத்து கழுத்தோடு வெட்டினார். "கண்ணு வேற எங்கியோ பாக்குதே," என்றார். மாப்பிள்ளை நின்றதற்கு எதிர்ப்பக்கம் அது.

துறைமுகம் போகிற சாலையில் போஸ்டர் ஒட்டினார்கள். அப்பாவின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பனி தெரிகிறது. பார்ப்பவர்களுக்கு அது வெள்ளையடித்த சுவர்.