கைகாட்டுவதா, பொறுப்பதா

அன்று பள்ளிக்கூடம் விட்டு நானும் கணக்கு டீச்சரும் மூதூர் ஜெட்டிக்கு வந்தபோது லோஞ்சின் நடுப்பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கியிருந்தார்கள். இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவும் இல்லை. "இண்டைக்கு ஏலாது" என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் படிப்பித்துக்கொண்டிருந்தோம். நான் லிங்கநகரிலிருந்தும் கணக்கு டீச்சர் திருகோணமலைப் பட்டினத்திலிருந்தும் புறப்பட்டு, காலையில் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு வருவோம். பின்னேரம் அதே லோஞ்சில் திரும்புவோம். தரைவழியால் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு, பஸ்ஸை ஏற்றிக் கடத்தும் பாதைப்படகு பார்த்து நிற்க வேண்டும். வீடு சேர இருட்டிவிடும். எனக்கு இருட்டினால் அம்மாவின் ஏச்சோடு போய்விடும். டீச்சருக்கு அப்படியில்லை. பிள்ளைப்பேற்று லீவு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பி அதிக நாளாகவில்லை. கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வருவார். பின்னேரமானால் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"அங்க நிக்கிறது என்ட சாச்சிட மகன்" என்றார் டீச்சர் திடீரென்று.

மீனை இறக்கிவிட்டு வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார் அந்தச் சின்னம்மா மகன். முப்பது வயது இருக்கும். வள்ளத்தின் பின்பக்கத்தில் இஞ்சின் பூட்டியிருந்தது. எங்களைப் பட்டினத்தில் கொண்டு விடச் சொல்லி டீச்சர் கேட்டதும் முகம் சுருங்கியது. டீச்சரை ராத்தா, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்தா, ஆள் ஏத்தக்கூடாது. பாஸ் இல்ல. முந்தி ஒருக்கா நேவிக்காரன் பிடிச்சு, இனி ஏத்தினா இஞ்சினக் கழட்டிருவன் எண்டு சொன்னவன்."

"நான் என்ன வேற ஆளா? உன்ட ராத்தாவ வீட்ட கொண்டு விடுறதுக்கு எவன்ட பாஸ்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டேன். கடைசியில், "சரி, ஏறுங்க" என்றார்.

கச்சான் காற்று வீசும் காலம். கரையில் அனலாய் அடிக்கும் காற்று, குடாவுக்குள் வந்ததும் முதுகைத் தள்ளத் தொடங்கும். முன்பக்கம் நானும் டீச்சரும் குடைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். பாதித் தூரம் வந்திருப்போம். இஞ்சின் இரண்டு தரம் இருமியது, பிறகு நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் காற்று எவ்வளவு பலமாய் வீசுகிறது என்று காதுக்குத் தெரிந்தது.

படகுக்காரர் இஞ்சின் கயிற்றை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். பிளக்கைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் போட்டு இழுத்தார். இஞ்சின் அசையவில்லை. துடுப்பை எடுத்து வலித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது: அவர் வலிக்கிற வலிக்கு வள்ளம் பட்டினத்துப் பக்கம் திரும்பியதே ஒழிய நகரவில்லை. காற்று எங்களைக் குடாவின் வாய்ப்பக்கம், பெருங்கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

நங்கூரத்தைப் போட்டார். கயிறு முழுவதும் ஓடி முடிந்தது. நங்கூரம் எதையும் தொடவில்லை. அந்தக் குடாவின் நடு அத்தனை ஆழம். கயிறு செங்குத்தாய்த் தொங்க, நாங்கள் அதையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். அவர் நங்கூரத்தை மேலே இழுத்துக் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

அப்போதுதான் துறைமுக வாய்ப்பக்கத்தில் சாம்பல் நிறப் படகு ஒன்று தெரிந்தது. கடற்படைப் படகு. தூரம்தான், ஆனால் கைகாட்டினால் காணக்கூடிய தூரம். நான் கையைத் தூக்கினேன்.

"டீச்சர், கைய இறக்குங்க" என்றார் படகுக்காரர் என்னிடம்.

"ஏன்?"

"அவன் வந்தானெண்டா என்ட இஞ்சின் போயிரும். கொஞ்சம் பொறுங்க. நான் ஸ்டார்ட் எடுத்துத் தாறன்."

நான் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். அவருக்கு என்னைவிட அவசரம் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னால் நான் எழும்பி நின்றே கைகாட்டியிருப்பேன்.

"அவன் சொல்றானே, தங்கச்சி. கொஞ்சம் பாப்பம்" என்றார்.

கையை இறக்கினேன். சாம்பல் படகு சீனன்குடாப் பக்கம் திரும்பி, முனைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இருந்த பலகையில் இப்படியும் அப்படியும் நகர்ந்தேன். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன். மூதூர்க் கரையைத் திரும்பிப் பார்த்தேன். தென்னைகள் சிறுத்துக்கொண்டே போயின. கயிற்றை இழுக்கும் ஒவ்வொரு தரமும் என் உடம்பும் சேர்ந்து முன்னுக்குச் சாய்ந்தது. இதோ, அடுத்த இழுப்பில் எடுக்கும் என்று தோன்றும். எடுக்காது. இப்போது கூப்பிட்டால் ஒரு மனுசனின் தொழில் போகும், இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கட்டுமே என்று நினைப்பேன். அடுத்த தரமும் அதே நினைப்புத்தான். எந்தக் கணமும் அதற்கு முந்திய கணத்தைவிடப் பெரிதாக மோசமாகத் தெரியவில்லை. ஆனால் கரை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

குடாவின் வடக்குப் பக்கத்தில் தேயிலை ஏற்ற வந்த கப்பல் ஒன்று நங்கூரமிட்டிருந்தது. நாங்கள் போகும் போக்கில் அதைத் தாண்டித்தான் போவோம். அதற்கு அப்பால் வெறும் கடல்.

"அந்தக் கப்பலுக்கு நேர வரேக்க கைகாட்டுவம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் இல்லை" என்றேன் நான்.

படகுக்காரர் கப்பலைப் பார்த்தார். "சரி. அதுக்குள்ள எடுத்திருவன்."

மூன்று பேரும் சம்மதித்த எல்லை அது. அதை வைத்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி கப்பல் பெரிதாகப் பெரிதாகக் கரைந்தது. அதன் துருப்பிடித்த பக்கமும், மேல்தட்டுக் கம்பியில் காய்ந்த சட்டைகளும் தெரியத் தொடங்கின. நாங்கள் அதற்கு நேரே வந்தோம்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றார் படகுக்காரர். குரலில் கெஞ்சல் இருந்தது. உள்ளங்கை கிழிந்து கயிற்றில் இரத்தம் பட்டிருந்தது. "இப்ப எடுக்கும். மணம் வருது பாருங்க, எண்ணெய் வருது."

நான் எழும்பப் பார்த்தேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்துவிட்டேன்.

கணக்கு டீச்சர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நெஞ்சுப்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடினார். பிறகு எழும்பினார். வள்ளம் ஆடியது. நான் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ராத்தா!"

"போதும், தம்பி. நீ இழு. நான் கூப்பிடுறன்."

இரண்டு பேரும் கைகளை வீசிக் கத்தினோம். கப்பலின் மேல்தட்டில் இரண்டு பேர் வந்தார்கள். எங்களைக் கண்டார்கள். கண்டதும் சிரித்துக்கொண்டு அவர்களும் கைகளை வீசினார்கள். மூன்றாவது ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவனும் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. "ஐயோ, காப்பாத்துங்கோ!" என்று தமிழிலும் இங்கிலீசிலும் கத்தினேன். காற்று அதை அவர்களிடமிருந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோனது. நாங்கள் கப்பலைத் தாண்டத் தொடங்கிவிட்டோம். அவர்கள் இன்னும் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள், வழியனுப்புவது போல.

டீச்சர் கையை இறக்கினார். பிறகு குடையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்து விரித்தார். சுருக்கினார். விரித்தார். சுருக்கினார். ஒரே சீராக, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல். பார்க்க எனக்கே பைத்தியம் போலிருந்தது. சந்தோசத்தில் கைகாட்டுகிற எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நானும் என் குடையை எடுத்து அவரைப்போலவே செய்தேன். கப்பலில் கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. ஒருவன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடினான்.

கப்பலின் ஊதுகுழல் ஊதியது. திரும்பத் திரும்ப ஊதியது.

படகுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு இருந்தார். "முடிஞ்சுது" என்றார்.

கூப்பிட்டுவிட்டால் பதற்றம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. வருவார்களா, இருட்டுக்கு முன் வருவார்களா, வந்தால் என்ன சொல்லுவது என்று மனம் ஓடியது. வள்ளம் குடாவின் வாய்க்கு வெளியே வந்து, அலை நீளமாகி, எங்களைத் தூக்கித் தூக்கி இறக்கியது. நான் வாந்தி எடுத்தேன். டீச்சர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டே பட்டினத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முனையைச் சுற்றிக்கொண்டு அந்தச் சாம்பல் படகு வந்தது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கடற்படை ஜெட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இளம் அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் தெரிந்த கிளாக்கர் ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

"ஆள் ஏத்த பாஸ் இருக்கா எண்டு கேக்கிறார்."

"நான் இவன்ட ராத்தா" என்றார் டீச்சர். "சொந்தத் தம்பிட வள்ளத்தில போறதுக்குப் பாஸ் வேணுமோ?"

அதிகாரி என்னைக் காட்டினார். என் நெற்றியில் பொட்டு. டீச்சரின் தலையில் முக்காடு.

"இவவும் என்ட தங்கச்சிதான்."

கிளாக்கர் மொழிபெயர்க்கத் தயங்கினார். அதிகாரிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. என் பொட்டையும் முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் விடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்தப் பையன் வள்ளத்துக்குள் குதித்து, கயிற்றை ஒரு தரம் இழுத்தான். இஞ்சின் எடுத்துவிட்டது.

அதிகாரியின் முகம் மாறியது. இஞ்சினில் பிழையில்லை என்றால் பெருங்கடலுக்கு ஏன் போனாய்? யாரைப் பார்க்கப் போனாய்? கேள்விகள் வேகமாக வந்தன. படகுக்காரர் இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்களில் தண்ணீர் நின்றது. அவ்வளவு நேரம் கெஞ்சியும் எடுக்காத சாமான், இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அது இருமியது. இன்னும் ஒருதரம் இருமி நின்றது. மெக்கானிக் எவ்வளவோ இழுத்தும் எடுக்கவில்லை. எண்ணெய்த் தாங்கியைக் கழற்றிச் சரித்தபோது எண்ணெய்க்கு அடியில் தண்ணீர். வள்ளம் ஜெட்டியில் அசையாமல் கிடந்த நேரம் தண்ணீர் அடியில் படிந்து, இஞ்சினுக்குக் கொஞ்சம் தெளிந்த எண்ணெய் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தன் இஞ்சின் கெட்டுப்போனதற்குச் சந்தோசப்பட்ட ஒருவரை அன்றுதான் கண்டேன். படகுக்காரர் சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ்!" என்றார். அதிகாரி எங்களைப் போகச் சொன்னார். வள்ளத்தையும் இஞ்சினையும் மட்டும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். டீச்சர் வாசல்வரை வந்தும் இரண்டு தரம் திரும்பிப்போய் அதற்காக வாதாடினார். மூன்றாம் தரம் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் குழந்தை அழுது களைத்துத் தூங்கியிருந்ததாகவும், எழுப்பியே பால் கொடுத்ததாகவும் மறுநாள் சொன்னார்.

வள்ளம் திரும்பக் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அதுவரை படகுக்காரர் வேறொருவரோடு கடலுக்குப் போனார். ஜெட்டியில் எங்களைக் கண்டால் டீச்சரோடு மட்டும் இரண்டு வார்த்தை கதைப்பார். எனக்கு அது தாங்கவில்லை. ஒருநாள் டீச்சர் லீவில் நின்றபோது நானே போய்க் கேட்டேன்.

"நாங்கள் கூப்பிட்டது பிழையெண்டு நினைக்கிறீங்களோ?"

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "பிழையெண்டு ஆர் சொன்ன? ராத்தாக்கு ஒண்டு நடந்திருந்தா நான் உசிரோட இருந்து என்ன?"

"அப்ப நான் முதல்ல கைகாட்டேக்க ஏன் மறிச்சனீங்கள்? அப்பவே கூப்பிட்டிருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லையே."

"அப்ப எடுக்குமெண்டு நினைச்சன், டீச்சர்."

"கப்பலுக்கு நேர வந்தபிறகு?"

"அப்பயும்தான்."

"நாங்கள் ரெண்டு பேரும் இல்லாமல் நீங்கள் தனிய வந்திருந்தால்? எப்ப கூப்பிட்டிருப்பீங்கள்?"

அவர் வலையை மடியில் வைத்துவிட்டுக் குடாவைப் பார்த்தார். காற்று அன்றும் கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசிக்கொண்டிருந்தது. நான் போகத் திரும்பினேன்.

"கூப்பிட்டிருக்க மாட்டன்" என்றார். அதைச் சொன்னபோது அவருக்கே அது புதிதாய்த் தெரிந்ததுபோல் இருந்தது.